பல்கலைக்கழக அணி, விடுதி அணி, மன்றம்: சிங்கப்பூர் வளாக விளையாட்டு எப்படி நடக்கிறது?

ஆகஸ்ட் மாதம் பல்கலைக்கழகங்கள் திறந்து இரண்டு வாரம் ஆவதற்குள், முதலாண்டு மாணவர்களின் வீடுகளில் சில புதிய சொற்கள் புழங்கத் தொடங்கிவிடுகின்றன. "இன்று மாலை வார்சிட்டி தேர்வு", "ஹாலுக்காக ஆடுகிறேன்", "ஐ.எச்.ஜி. முடியும்வரை சனிக்கிழமை வீட்டிற்கு வர முடியாது அம்மா." உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கை கட்டாயம் என்பது பெற்றோருக்குத் தெரியும். பட்டப்படிப்பில் அப்படி எந்தக் கட்டாயமும் இல்லையே, பிறகு ஏன் பிள்ளை வாரத்தில் நான்கு இரவு பந்தும் கையுமாகத் திரிகிறது என்று அவர்கள் கேட்பது நியாயம்தான்.

செய்திகளைப் படிப்பவருக்கு இன்னொரு குழப்பம். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் தங்கம் வென்ற சிங்கப்பூரர் ஜோசப் ஸ்கூலிங் அப்போது அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழக மாணவர். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற சாந்தி பெரேரா, உள்ளூரில் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அப்படியானால் நம் பல்கலைக்கழகங்கள் வெற்றி வீரர்களை உருவாக்குகின்றனவா, இல்லையா?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. சிங்கப்பூரில் வளாக விளையாட்டின் பெரும்பகுதியை நடத்துபவர்கள் மாணவர்களே. பல்கலைக்கழகம் திடலும் பணமும் தருகிறது, பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுக்கிறது. ஆட்களைச் சேர்ப்பது, ஆட்டத்துக்கு நாள் குறிப்பது, சட்டை அச்சிடுவது, கணக்கு எழுதுவது எல்லாம் மாணவர்களின் வேலை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படித்தால் மற்றவை எளிதாக விளங்கும்.

ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள்

'வார்சிட்டி' என்பது 'யுனிவர்சிட்டி' என்ற சொல்லை இங்கிலாந்து மாணவர்கள் சுருக்கிச் சொல்லிப் பழகிய வடிவம். அங்கே அதற்குப் பல்கலைக்கழகம் என்றுதான் பொருள். அமெரிக்காவுக்குப் போனபோது, ஒரு கல்வி நிலையத்தின் முதன்மை அணி என்று பொருள் மாறிவிட்டது. சிங்கப்பூரில் இரண்டு பொருளும் ஒன்றாகப் புழங்குகின்றன. பல்கலைக்கழகங்களும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் மோதும் ஐ.வி.பி. (இன்ஸ்டிடியூட்-வார்சிட்டி-பாலிடெக்னிக்) போட்டியின் பெயரில் உள்ள 'வார்சிட்டி' முதல் பொருளில் வருகிறது. "என் மகள் வார்சிட்டிக்கு ஆடுகிறாள்" என்று ஒருவர் சொல்லும்போது அது இரண்டாவது பொருள்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டால், நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் படிக்கும் அந்த வளாகத்தில் விளையாட்டு நான்கு அடுக்குகளில் நடக்கிறது.

1. விடுதி அணி. மாணவர் தங்கும் விடுதியின் சார்பில் ஆடுவது. கெண்ட் ரிட்ஜ் வளாகத்தில் கிங் எட்வர்ட் VII, ராஃபிள்ஸ், யூசோஃப், கெண்ட் ரிட்ஜ், ஷியர்ஸ், தெமாசெக் ஆகிய ஆறும் பழைய விடுதிகள். இவை மோதுவதுதான் விடுதிகளுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி, அதாவது ஐ.எச்.ஜி. பல்கலைக்கழக நகர்ப் பகுதியில் பின்னாளில் வந்த உறைவிடக் கல்லூரிகள் தங்களுக்குள் தனியாக ஒரு போட்டியை நடத்துகின்றன.

2. புல அணி. பொறியியல், மருத்துவம், சட்டம், வணிகம் என்று படிக்கும் புலத்தின் சார்பில் ஆடுவது. விடுதியில் இடம் கிடைக்காமல் வீட்டிலிருந்து வந்து போகும் மாணவர்களுக்கு இதுதான் முதல் வாசல். மாணவர் சங்கத்தின் விளையாட்டு மன்றம் இதை நடத்துகிறது.

3. மன்றம். ஒரு விளையாட்டில் விருப்பம் உள்ள எவரும் சேரலாம். தேர்வு இல்லை, அல்லது மிக எளிது. வாரம் ஒரு முறை ஆடிவிட்டுப் போகலாம். மலையேற்றம், கெண்டோ, ஐக்கிடோ போன்றவை பலருக்கும் முதன்முதலில் இப்படித்தான் அறிமுகமாகின்றன.

4. பல்கலைக்கழக அணி. வார்சிட்டி என்று மாணவர்கள் சொல்வது இதைத்தான். தேர்வு வைத்துப் பொறுக்கி எடுத்த அணி. வெளியே பல்கலைக்கழகத்தின் பெயரைச் சுமப்பது இது மட்டுமே.

இவை ஏணிப்படிகள் அல்ல. ஒரே மாணவி பல்கலைக்கழக அணியில் வலைப்பந்து ஆடிவிட்டு, விடுதிக்காகப் பூப்பந்தும் புலத்துக்காகத் தொடர் ஓட்டமும் மேற்கொள்வது சாதாரணம். வீட்டில் உள்ளவர்களுக்கு எந்த ஆட்டம் எந்தக் கணக்கில் வருகிறது என்று புரியாமல் போவதற்கு இதுவே காரணம்.

வேர் எங்கே?

தேசியப் பல்கலைக்கழகம் தன் வரலாற்றை 1905இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து கணக்கிடுகிறது. அது பின்னர் கிங் எட்வர்ட் VII மருத்துவக் கல்லூரி ஆனது. அதுவும் ராஃபிள்ஸ் கல்லூரியும் 1949இல் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. 1962இல் அதன் சிங்கப்பூர்ப் பிரிவு சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமாகத் தனித்து நின்றது. சீன சமூகத்தின் நன்கொடையில் எழுந்த நன்யாங் பல்கலைக்கழகத்தோடு 1980இல் அது இணைந்து இன்றைய வடிவம் பெற்றது. ஜூரோங்கில் நன்யாங் பல்கலைக்கழகம் இருந்த இடத்தில் 1981இல் ஒரு தொழில்நுட்பக் கழகம் தொடங்கி, 1991இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆனது.

இந்த ஆண்டுகளை அடுக்குவதற்குக் காரணம் உண்டு. முதல் முக்கால் நூற்றாண்டில் இங்கே ஊன்றிய கல்வி முறை பிரிட்டிஷ் முறை. அந்த முறையில் விளையாட்டு மாணவர்களின் சொந்த விவகாரம். 1829இல் ஆக்ஸ்ஃபர்டும் கேம்பிரிட்ஜும் தேம்ஸ் நதியில் முதன்முறை படகோட்டியது எப்படி? பள்ளியில் ஒன்றாகப் படித்த இரண்டு நண்பர்கள் ஆளுக்கொரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தார்கள். ஒரு தரப்பு மாணவர்கள் சவால் விட்டார்கள், மறு தரப்பு ஏற்றுக்கொண்டது. அவ்வளவுதான்.

அமெரிக்காவில் கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் போட்டியும் படகுப் போட்டிதான். 1852இல் ஹார்வர்டும் யேலும் நியூ ஹாம்ப்ஷயரில் ஓர் ஏரியில் மோதின. அந்தப் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் செலவு செய்ய முன்வந்தது ஒரு ரயில் நிறுவனம். வேடிக்கை பார்க்க வருவோர் ரயில் டிக்கெட் வாங்குவார்கள் என்பது அதன் கணக்கு. இரண்டு நாடுகளின் முறைகளும் பின்னால் எவ்வளவோ மாறிவிட்டாலும், விதை போட்ட கை யாருடையது என்பது இன்றுவரை தெரிகிறது. ஒன்றில் மாணவர் சவால், மற்றொன்றில் பார்வையாளர் வசூல்.

மிச்சிகன் பல்கலைக்கழகம் ஓர் அரசுப் பல்கலைக்கழகம். அதன் அமெரிக்கக் கால்பந்து அரங்கில் 1,07,601 பேர் உட்காரலாம். நம் காலாங் தேசிய விளையாட்டரங்கின் இருக்கைகள் 55,000. ஒரு நாட்டின் அரங்கைவிட ஒரு பல்கலைக்கழகத்தின் அரங்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு பெரியது என்றால், அங்கே விளையாட்டு ஒரு தொழிலாகவே நடக்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அரசு ஊழியர்களிலேயே மிக அதிகச் சம்பளம் வாங்குபவர் பல்கலைக்கழகப் பயிற்சியாளர்தான். 2021 முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்கலாம். பல்கலைக்கழகமே அவர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்ற உடன்பாட்டுக்கு 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. அந்த ஊரில் 'வார்சிட்டி' என்றும் 'மன்றம்' என்றும் பிரித்துச் சொல்லும்போது நடுவே கோடு மிக அழுத்தமானது. ஒன்று பல்கலைக்கழகத்தின் வணிகம், மற்றொன்று மாணவரின் பொழுதுபோக்கு. சிங்கப்பூரில் அந்தக் கோடு மெல்லியது. இங்கே பல்கலைக்கழக அணியின் தலைவர்கூடப் பயிற்சி முடிந்த பிறகு வலையைக் கழற்றிச் சுருட்டி அறையில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

விடுதி: எல்லாம் சூடு பிடிக்கும் இடம்

பல்கலைக்கழக அணிதான் உயர்ந்தது என்று வெளியில் இருப்பவர் நினைப்பார். ஆனால் கூட்டம் கூடுவது விடுதி ஆட்டங்களுக்குத்தான். இரண்டாம் பருவத் தொடக்கத்தில், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், ஐ.எச்.ஜி. நடக்கும்போது வளாகத்தின் பல்நோக்கு விளையாட்டு மண்டபத்தின் பக்கம் இரவு எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். வாசலுக்கு முன்பே முரசுச் சத்தம் கேட்கும். உள்ளே இரண்டு பக்கமும் இரண்டு நிறச் சட்டைகள். பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டுகிறவர், தொண்டை கட்டிப்போன குரலில் கோஷம் எழுப்புகிறவர், மறுநாள் காலை வகுப்புக்கான குறிப்புகளை மடியில் வைத்துக்கொண்டே கைதட்டுகிறவர் என்று எல்லோரும் அங்கே இருப்பார்கள். களத்தில் பூப்பந்து ஆடும் இருவரில் ஒருவர் பள்ளிக் காலத்தில் தேசிய அளவில் ஆடியவராகவும், மற்றவர் விடுதிக்கு வந்த பிறகே மட்டையைப் பிடித்தவராகவும் இருக்கலாம். தோற்றாலும் அந்தக் கூட்டம் கலைவதில்லை. வரிசையாக நின்று, ஆடியவரைத் தோளில் தட்டிக்கொடுத்துத்தான் வெளியே போகிறது.

இந்த ஆர்வத்துக்குப் பின்னால் நட்பு இருக்கிறது, பெருமை இருக்கிறது. பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய நடைமுறைக் காரணம் ஒன்றும் இருக்கிறது. விடுதி அறை பொதுவாகப் பட்டம் முடியும்வரை நிரந்தரமாகக் கிடைப்பதில்லை. அடுத்த கல்வியாண்டுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். விடுதி நடவடிக்கைகளில் பங்கெடுத்ததற்குப் புள்ளிகள் உண்டு. அந்தப் புள்ளிகள் அறை கிடைப்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. இந்த ஏற்பாட்டினால் வரும் விளைவுகள் இவை:

1. பாசிர் ரிஸ்ஸிலோ பொங்கோலிலோ வீடு உள்ள மாணவருக்கு அறை போனால், பயணத்திலேயே நாளுக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் போகும். ஜூரோங்கில் உள்ள நன்யாங் வளாகம் என்றால் இன்னும் கடினம். ஆகவே விளையாட்டில் செலவழிக்கும் மாலை, பயணத்தில் மிச்சமாகும் நேரமாகத் திரும்பி வருகிறது.

2. திறமை குறைந்தவருக்கும் வேலை இருக்கிறது. அணி மேலாளர், புகைப்படம் எடுப்பவர், மேடை அலங்காரம் செய்பவர் ஆகியோருக்கும் புள்ளிகள் உண்டு.

3. சிலர் புள்ளிக்காக மட்டும் ஐந்தாறு நடவடிக்கைகளில் பெயர் கொடுத்துவிட்டு, எதிலும் மனம் ஒன்றாமல் அலைந்து, தேர்வு நேரத்தில் களைத்துப் போகிறார்கள். இந்த முறையின் உண்மையான குறை இதுதான். இரண்டு நடவடிக்கைகளை ஆழமாகச் செய்பவரைவிட ஆறில் தலைகாட்டுபவருக்கு அதிகம் கிடைக்கும்படி புள்ளிகளை வகுத்தால் மாணவர்கள் அப்படித்தான் நடந்துகொள்வார்கள். அதற்காக மாணவரைக் குறை சொல்வது சரியல்ல.

பல்கலைக்கழக அணியின் நாட்கள்

ஆகஸ்டில் தேர்வு. பிறகு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று பயிற்சி. போட்டிக் காலம் நெருங்கும்போது அது கூடும். உள்நாட்டில் இரண்டு பெரிய மேடைகள். பல்கலைக்கழகங்கள் மட்டும் மோதும் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக விளையாட்டுகள் ஒன்று. பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் தொழில்நுட்பக் கல்விக் கழகமும் சேர்ந்துகொள்ளும் ஐ.வி.பி. மற்றொன்று. அதற்கு மேலே ஆசியான் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டி. 1981இல் தாய்லாந்தின் சியாங் மாயில் தொடங்கிய அந்தப் போட்டியின் 18ஆவது பதிப்பு 2016இல் சிங்கப்பூரில் நடந்தது. உச்சியில் இருப்பது உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டி. அது 1959இல் இத்தாலியின் டூரினில் தொடங்கியது.

டிராகன் படகு அணியைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். காலை ஏழு மணிக்குக் காலாங் பேசின் நீர்ப்பரப்பில் படகு இறங்குகிறது. சிறிய படகில் 12 பேர்: துடுப்பு போடுபவர் 10, முன்னால் முரசடிப்பவர் ஒருவர், பின்னால் திசை திருப்புபவர் ஒருவர். பெரிய படகில் 22 பேர். இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் இடப்பக்கமும் ஒருவர் வலப்பக்கமும் துடுப்பு போடுவார்கள். எடை சமமாக இருக்கும்படி சோடி சேர்ப்பதே தனிக் கலை. முன் வரிசையில் இருப்பவர்கள் தாளத்தைப் பிடிக்க வேண்டும், நடுவில் இருப்பவர்கள் பலத்தைக் கொடுக்க வேண்டும். 200 மீட்டர் போட்டி ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்துக்காக மாதக்கணக்கில் உள்ளங்கைத் தோல் உரியும், இடுப்புப் பக்கம் பலகையில் உராய்ந்து கன்றிப்போகும். ஒரே ஒருவரின் துடுப்பு கால் நொடி தாமதமாக நீரில் இறங்கினாலும் படகு தடுக்குவது பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். தனியொருவர் வீரம் காட்ட இதில் இடமே இல்லை.

இந்த அணியில் சேருபவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் துடுப்பையே தொட்டிராதவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். நீச்சல், டென்னிஸ், ஜிம்னாஸ்டிக்ஸ் போன்றவற்றில் ஏழு வயதில் தனிப் பயிற்சி தொடங்கியவர்களே பதினேழு வயதில் முன்னணியில் இருப்பார்கள். வீட்டு வசதி அங்கே பேசும். டிராகன் படகு, டச் (தொடு) ரக்பி, ஃபுளோர்பால், சுக்பால், ஃபிரிஸ்பீ போன்றவற்றில் அந்த முன்தூரம் மிகக் குறைவு. ஆகவே முதலாண்டில் புதிதாக வந்தவர் மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழக அணியின் தலைவராகிவிட முடிகிறது. அக்கம்பக்கப் பள்ளியில் படித்து, தனிப் பயிற்சிக்கு வழியில்லாமல் வந்த பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் திறந்துவிடும் கதவு இது. வளாக விளையாட்டில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

பிறகு ஏன் ஸ்கூலிங் டெக்சஸ் போனார்?

இப்போது செய்தி எழுப்பிய கேள்விக்கு வருவோம்.

1. போட்டியின் ஆழம். டெக்சஸ் நீச்சல் குளத்தில் ஒருவர் தினமும் பயிற்சி செய்யும்போது பக்கத்துப் பாதையில் நீந்துபவரும் ஒலிம்பிக் தரத்தில் இருப்பார். 50.39 வினாடியில் மைக்கேல் ஃபெல்ப்ஸை முந்துவதற்கு அந்தச் சூழல் தேவைப்பட்டது. ஆறு தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் மட்டுமே உள்ள ஒரு நகர நாட்டில் அந்த ஆழத்தைத் தேடுவது முறையாகாது.

2. பணம். அங்கே விளையாட்டு உதவித்தொகை, முழுநேரப் பயிற்சியாளர் குழு, மருத்துவம் எல்லாம் பல்கலைக்கழகத்தின் செலவு. இங்கே உச்சநிலை வீரருக்கான செலவைப் பெரும்பாலும் ஏற்பது ஸ்போர்ட் சிங்கப்பூர் போன்ற தேசிய அமைப்புகள். 2013இல் தொடங்கிய ஸ்பெக்ஸ் உதவித்தொகை அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அதாவது இங்கே வெற்றி வீரரை உருவாக்கும் பொறுப்பு பல்கலைக்கழகத்தின் கையில் இல்லை.

3. தேசிய சேவை. ஆண்கள் பதினெட்டு வயதையொட்டி இரண்டு ஆண்டு முழுநேரச் சேவைக்குப் போகிறார்கள். நீச்சல் போன்ற விளையாட்டில் உச்சம் தொடும் வயது அது. ஸ்கூலிங்குக்கு 2013இல் ஒத்திவைப்பு கிடைத்தது. அது மிக அரிதாகவே கிடைக்கும் சலுகை.

சாந்தி பெரேராவின் பாதை இந்த விளக்கத்துக்கு முரணானது அல்ல. அவர் வெற்றிக்குப் பின்னால் இருந்த பயிற்சியாளர் போர்ச்சுகல் நாட்டின் லூயிஸ் குன்யா. அவர் பணியாற்றியது தேசியத் தடகளத்தில், பல்கலைக்கழகத்தில் அல்ல. ஓட்டம் தனிநபர் விளையாட்டு. பல்கலைக்கழகம் அதற்குத் தர வேண்டியது நெகிழ்வான கால அட்டவணை, கொஞ்சம் விட்டுக்கொடுத்தல், பட்டத்தை முடிக்கப் போதிய அவகாசம். 23.03 வினாடியில் அவர் எல்லையைக் கடந்தபோது, ஆசிய விளையாட்டுத் தடகளத்தில் சிங்கப்பூருக்கு 49 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் கிடைத்தது. 1974இல் 400 மீட்டரில் சீ சுவீ லீ வென்றதுதான் அதற்கு முந்தையது. உள்ளூரில் பட்டம் படித்தவரும் உச்சம் தொட முடியும் என்பதற்கு அது சான்று. உள்ளூர்ப் பல்கலைக்கழக அணி அவரை உருவாக்கியது என்று பொருள் கொண்டால் தவறாகிவிடும்.

தேசிய சேவையால் அணிக்குள் இன்னொரு வேறுபாடும் வருகிறது. பெண்கள் பத்தொன்பது வயதில் முதலாண்டில் சேரும்போது ஆண்கள் இருபத்தொன்றில் சேர்கிறார்கள். படையில் இரண்டு ஆண்டு உடலை வருத்திவிட்டு வரும் இளைஞர்கள், ஐ.வி.பி. போட்டியில் பதினேழு, பதினெட்டு வயதுத் தொழிற்கல்லூரி மாணவர்களை எதிர்கொள்வார்கள். தோல்வியைப் பற்றிப் பேசும்போது இந்த வயது வித்தியாசத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

நம் வீடுகளில் எழும் கேள்விகள்

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு விளையாட்டு அந்நியமானது அல்ல. 1923இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்தியர் சங்கமும் 1928இல் தொடங்கிய சிலோன் விளையாட்டு மன்றமும் பாலஸ்டியர் சாலையில் இன்றும் திடலோடு இருக்கின்றன. ஹாக்கியும் கிரிக்கெட்டும் கால்பந்தும் நம் பாட்டன்மார் மாலை நேரங்களில் ஆடியவைதான். ஆனால் பல்கலைக்கழகம் என்று வந்ததும், "இனிமேல் படிப்பு மட்டும்" என்ற முடிவு பல வீடுகளில் தானாகவே வந்துவிடுகிறது. பட்டம்தான் குடும்பத்தை ஓரறை வீட்டிலிருந்து நாலறை வீட்டுக்குக் கொண்டுவந்தது என்ற அனுபவத்திலிருந்து வரும் முடிவு அது. அதைக் குறைத்துப் பேசுவதற்கில்லை.

சி. குணாளனின் வாழ்க்கையை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 வினாடியில் ஓடியவர். அந்தத் தேசியச் சாதனை 33 ஆண்டு நிலைத்தது. 2001இல் யூ. கே. ஷியாம் 10.37 வினாடியில் அதை முறியடித்தார். குணாளன் ஓட்டக்காரராகத் தொடங்கியவர் அல்லர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தவரின் வேகத்தைக் கவனித்துத் தடகளத்துக்கு அழைத்துப் போனவர் பயிற்சியாளர் டான் எங் யூன். அந்தக் கால்பந்து ஆட்டம் பதக்கத்துக்கான ஆட்டமே அல்ல. இன்றைய கணக்கில் மன்ற அளவு என்று சொல்லலாம். அங்கே ஆடாமல் அறையில் உட்கார்ந்து பாடம் மட்டும் படித்திருந்தால் அந்தக் கண்ணில் அவர் பட்டிருக்க மாட்டார்.

மதிப்பெண் குறையுமா என்ற கேள்விக்கு நேரான பதில்: அது எந்த அடுக்கு என்பதைப் பொறுத்தது. மன்றம் என்றால் வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரம். விடுதி அணி என்றால் ஜனவரி, பிப்ரவரியில் மட்டும் நெருக்கடி. அந்தப் பருவத்தில் பாடங்களைக் குறைத்தோ எளிதாக்கியோ எடுக்கலாம். பல்கலைக்கழக அணி என்றால் ஆண்டு முழுவதும் வாரத்துக்குப் பத்து மணி நேரத்தைத் தாராளமாக ஒதுக்க வேண்டும். மருத்துவம், பல் மருத்துவம் போன்று மருத்துவமனைப் பணி உள்ள படிப்புகளில் பின் ஆண்டுகளில் அது மிகக் கடினம். ஆகவே "விளையாடப் போகிறேன்" என்று பிள்ளை சொன்னால் "வேண்டாம்" என்பதற்கு முன், "எந்த அணிக்கு, வாரத்தில் எத்தனை நாள், போட்டி எந்த மாதம்?" என்று மூன்று கேள்வி கேட்டால் பாதிச் சண்டை குறையும்.

இடமும் நினைவும்

மாணவர்களே நடத்தும் முறைக்கு இரண்டு நெருக்கடிகள் உண்டு.

முதலாவது இடம். நிலம் குறைந்த நாட்டில் ஒரே மண்டபத்தைப் பூப்பந்து, வலைப்பந்து, கைப்பந்து, ஃபுளோர்பால் எல்லாம் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முதன்மை அணிக்கு முன்னுரிமை கிடைக்கும்போது மன்றம் இரவு ஒன்பது மணிக்குத் தள்ளப்படும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2017இல் திறந்த 'தி வேவ்' மண்டபம் இந்த நெருக்கடிக்கு அளித்த விடை சிறப்பானது. பொறியியல் மரப் பலகைகளால் எழுப்பிய அந்தக் கட்டடத்தின் கூரை, நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் 72 மீட்டர் அகலத்தைத் தாண்டுகிறது. உள்ளே 13 பூப்பந்துத் தளங்கள். தூண் இல்லாத இடம் என்பதால் இன்று வலைப்பந்து, நாளை கூடைப்பந்து என்று கோட்டை மட்டும் மாற்றி ஆடலாம். வெளிச்சமும் காற்றும் இயற்கையாகவே வரும்படி அமைத்திருப்பதால் நம் வெப்பத்திலும் ஆட முடிகிறது.

இரண்டாவது நினைவு. பட்டப்படிப்பு பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு ஆண்டு. ஓர் அணியின் செயலாளர் பொறுப்பேற்று, வேலை கற்று, சரியாகச் செய்யத் தொடங்கும்போது அவர் போகும் நேரம் வந்துவிடுகிறது. எந்தக் கடையில் சட்டை அச்சிட்டார்கள், எந்தப் படகில் நீர் கசிகிறது, எந்த நடுவர் கடைசி நேரத்தில் வந்து உதவுவார் என்பதெல்லாம் ஒருவர் தலைக்குள்ளேயே இருந்து அவரோடு போய்விடும். பட்டம் பெற்றுப் போன மூத்த வீரர்கள் வாரக் கடைசியில் திரும்பி வந்து, சம்பளம் இல்லாமல் இளையவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், போட்டி நாளில் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு கரையில் நிற்பதும் இந்த இடைவெளியை நிரப்புகின்றன. அணிகள் வலுவாக இருந்த காலங்களை விசாரித்துப் பார்த்தால், மூத்தவர்கள் வந்துபோன காலங்களாகவே அவை இருக்கும்.

மே மாதத் தொடக்கத்தில் தேர்வுகள் முடிகின்றன. பழைய செயற்குழு கணக்கை முடித்து, மீதிப் பணத்தையும் கடவுச்சொற்களையும் கிடங்குச் சாவியையும் புதிய குழுவிடம் கொடுக்கிறது. வாங்கிக்கொண்டவர் அன்று மாலையே கிடங்கைத் திறந்து துடுப்புகளை எண்ணுகிறார். உடைந்தவற்றைத் தனியாக எடுத்து வைத்து, எத்தனை புதிதாக வாங்க வேண்டும் என்று பட்டியல் எழுதுகிறார். ஆகஸ்ட் தேர்வுக்கு வரப்போகிறவர்கள் அப்போது விண்ணப்ப முடிவுக்காக வீட்டிலோ, படைமுகாமிலோ காத்துக்கொண்டிருக்கிறார்கள்.